எடைக்குப் போகாத இரும்பு

பழைய இரும்புக் கடையில் மூன்றே வகைதான். தகரம், இரும்பு, பீடு. தகரம் மெலிந்தது, விலையும் மெலிந்தது. பீடு என்றால் வார்ப்பிரும்பு. சம்மட்டியால் ஓங்கிப் போட்டால் மண்பானைபோல உடையும். மிச்சமெல்லாம் 'இரும்பு'. லாரிப் பட்டையும் ஜன்னல் கம்பியும் கிணற்றுச் சகடையும் ஒரே தராசில் ஏறி, ஒரே விலையில் இறங்கும். கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. உலைக்குப் போனால் எல்லாம் ஒரே குழம்புதானே? ஆனால் உலைக்குப் போகாமல் நம் கைக்கு வந்துவிட்டால், ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி குணம். அந்தக் குணத்தைத் தெரிந்துகொள்வதுதான் இந்தப் பொழுதுபோக்கில் பாதி வேலை. துரு எடுப்பதும் வெல்டிங் வைப்பதும் அதற்கு அப்புறம்.

திருவண்ணாமலை சுற்றுவட்டாரத்து அரசுப் பள்ளிகளில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். என் வயதுப் பெண்கள் கோயில், கிரிவலம் என்று போகிறார்கள். நானும் போகிறேன், பௌர்ணமிக் கூட்டம் வடிந்த பிறகு. மற்ற நேரங்களில், கணவர் ஸ்கூட்டர் நிறுத்திக்கொண்டிருந்த கொட்டகையில் இருப்பேன். ஸ்கூட்டர் இப்போது தெருவில் நிற்கிறது.

இந்தக் கொட்டகையில் முதலில் வந்து உட்கார்ந்தது ஒரு லெக் வைஸ். சாதாரண வைஸ் மேசைமேல் இருக்கும், பெரும்பாலும் பீடு. லெக் வைஸுக்குத் தரை வரைக்கும் நீளும் ஒரு கால் உண்டு. அடித்து வளர்த்த இரும்பு. கொல்லர் சம்மட்டியால் அடிக்கிற அடி அந்தக் கால் வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். மேசையும் ஆடாது, தாடையும் உடையாது. தண்டராம்பட்டு பக்கத்தில் ஒரு பட்டறை மூடியபோது எடைக்கு வந்த சரக்கு அது.

"டீச்சரம்மா, இதைத் தூக்கிட்டுப் போய் என்ன பண்ணப் போறீங்க? மரையெல்லாம் இறுகிப் போச்சு. புதுசே கடையில விக்குதே?" என்றார் கடைக்காரர்.

"இறுகினது மரை மட்டும்தான் தம்பி. எடை போடுங்க" என்றேன்.

இறுகிய மரையைத் திறக்க ஸ்பேனரில் குழாயைச் செருகி நெம்புவதுதான் எல்லோர் கையும் முதலில் தேடும் வழி. மரை திறக்காது, போல்ட் முறியும். மண்ணெண்ணெயும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறப்போடலாம், காலம் பிடிக்கும். எனக்குப் பிடித்த வழி மெழுகுவத்தி. நட்டை மட்டும் சுட வைத்து, அந்தச் சூட்டிலேயே மெழுகுவத்தியின் நுனியை மரை ஓரத்தில் வைத்தால், மெழுகு உருகிப் புரி இடுக்கு வழியாக உள்ளே ஓடிவிடும். சூட்டில் நட்டு விரிகிறது, இடைவெளி திறக்கிறது, நுண்துளை ஏற்றம் மெழுகை இழுத்துக்கொள்கிறது. எட்டாம் வகுப்பில் விளக்குத் திரியை வைத்து நடத்துகிற அதே பாடம்.

இதைக்கூட எல்லா இடத்திலும் செய்ய முடியாது. பழைய லெக் வைஸின் திருகு போய் உட்காருகிற பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். புரியோடு ஒட்டி, மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று சுற்றிச் சுற்றி ஓடும். அது பித்தளை. அந்தக் காலத்தில் பெட்டிக்குள் புரி கடைய வழியில்லாமல், இரும்புப் பட்டையைச் சுருளாக வளைத்து உள்ளே செருகி, பித்தளையை உருக்கி ஊற்றி ஒட்டினார்கள். கேஸ் டார்ச்சை வைத்து அந்தப் பெட்டியை மஞ்சள் சூடு வரைக்கும் ஏற்றினால் ஒட்டு கழன்று, புரி மொத்தமும் கையோடு வந்துவிடும். அப்புறம் அது எடைக்குத்தான். அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு பெட்டியை வெறும் எண்ணெயில் ஊற வைத்து, முட்டுக்கட்டை வைத்துத் தட்டித் தட்டியே திறந்தேன். உள்ளே பழைய கிரீஸ் கெட்டித்துப்போய் இருந்தது. அதற்கு அடியில் சதுரப் புரி பளபளவென்று, செய்த அன்றைக்கு இருந்தபடியே.

துரு எடுக்க ஆங்கிள் கிரைண்டரில் கம்பி பிரஷ்ஷை மாட்டிக்கொண்டு இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். துருவோடு சேர்த்து, அடித்தவர் சம்மட்டித் தடம், பெயர் பொறித்த எழுத்து, எல்லாமே போய்விடும். அதைவிட ஒரு பிளாஸ்டிக் டிரம், சலவை சோடா, பழைய பேட்டரி சார்ஜர் போதும். லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சோடா. துருப்பிடித்த பொருளைச் சார்ஜரின் நெகட்டிவ் கம்பியில் கட்டித் தொங்கவிட வேண்டும். பாசிட்டிவில் ஏதாவது உதவாத இரும்புத் தகடு. இரண்டும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று தொடக் கூடாது. சுவிட்சைப் போட்டதும் பொருளைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பும். அது ஹைட்ரஜன். மறுநாள் எடுத்தால் சிவப்புத் துரு கறுத்து, தேங்காய் நாரால் தேய்த்தாலே சேறுபோல வழிந்துவிடும். நல்ல இரும்பு ஒரு துளி கரையாது.

ஹைட்ரஜன் எரியும் என்பதால் இதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும், பீடியோடு எட்டிப் பார்க்கிற ஆட்களை விரட்டிவிட்டு. பாசிட்டிவில் எவர்சில்வர் கரண்டியைக் கட்டவே கூடாது. அதிலுள்ள குரோமியம் விஷமாகத் தண்ணீரில் இறங்கும். சோடாவுக்குப் பதில் உப்பைப் போட்டால் குளோரின் கிளம்பும். அலுமினியத்தை இந்தத் தண்ணீரில் போட்டால் சோடா அதையே தின்றுவிடும். இதையெல்லாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டபோது ஒரு பிள்ளையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது தெருப் பையன்கள் டிரம்மைச் சுற்றி நின்று, "டீச்சர், ஏன் குமிழ் ஒரு பக்கம் மட்டும் நிறைய வருது?" என்கிறார்கள்.

துரு போன இரும்பு அன்றைக்கே மறுபடி துருப்பிடிக்கப் பார்க்கும். அதற்கு நம் மாவட்டத்திலேயே மருந்து இருக்கிறது. ஜவ்வாது மலையிலிருந்து கடுக்காய் வருகிறதே, அதுதான். கொட்டையை நீக்கி, தோலை நசுக்கி, கொதிக்க வைத்து இரவு முழுக்க ஊறவிட்டு, வடிகட்டித் துணியால் இரும்பில் பூச வேண்டும். பூசிய இடம் பழுப்பாகி, நீலமாகி, கண்ணெதிரே மைக்கறுப்பாகும். கடுக்காயிலுள்ள டானின் இரும்போடு சேர்ந்து இறுகிப் படிகிறது. நம் முன்னோர் மை காய்ச்சியதும் இந்த வினையை வைத்துத்தான். காய்ந்த பிறகு மேலே மெல்லிசாக லின்சீடு ஆயில். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துப் போடுங்கள்.

சரி, எந்தத் துண்டு என்ன இரும்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் ஒரு காந்தம். பித்தளை, அலுமினியம், பல வகை எவர்சில்வர் அங்கேயே ஒதுங்கிவிடும். அடுத்தது காது. தொங்கவிட்டுத் தட்டினால் எஃகு கணீரென்று ஒலிக்கும், பீடு மொத்தென்று அடங்கும். மூன்றாவது அரம். கெட்டியாக்கிய எஃகில் அரம் வழுக்கும். பச்சை இரும்பில் பிடித்து இழுக்கும். கடைசியாகப் பொறி. கிரைண்டர் கல்லில் லேசாக வைத்துப் பார்த்தால், கார்பன் குறைந்த கம்பியின் பொறி நீளமாக, நேராக, வாணமில்லாமல் ஓடும். பழைய அரத்தை வைத்தால், அதில் ஒரு சதவீதத்துக்கும் மேலே கார்பன் இருப்பதால், மத்தாப்புப் பூப்பூவாக வெடிக்கும். பீடு வைத்தால் குட்டையான, மங்கலான சிவப்புப் பொறி. மாலை மங்கிய நேரத்தில் பார்த்தால் நன்றாகத் தெரியும். கண்ணாடி போட்டுக்கொண்டுதான்.

லாரிப் பட்டையின் கதை தனி. அதில் கார்பன் அரை சதவீதத்துக்குச் சற்று மேலே, கூடவே சிலிக்கானோ மாங்கனீசோ குரோமியமோ கலந்திருக்கும். வளைந்து பழைய நிலைக்குத் திரும்புகிற அந்த எஃகு அரிவாளுக்கும் அருமையாகப் பொருந்தும். சிவகங்கை மாவட்டம் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போனது என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே உலையில் காய்வதும் பெரும்பாலும் இந்தப் பழைய பட்டைதான். சாலையோரம் கூடாரம் போட்டுக் கோடாலியும் அரிவாளும் அடித்து விற்கிற வடநாட்டுக் கொல்லர் குடும்பங்களின் வண்டியில் பாருங்கள், அங்கேயும் பட்டைதான் கிடக்கும். எந்தப் புத்தகமும் இல்லாமல் ஒரு நாடு முழுக்கக் கொல்லர்கள் ஒரே துண்டைப் பொறுக்குகிறார்கள் என்றால் அது பொறிச் சோதனையைவிடப் பெரிய சான்று.

எனக்குத் தோய்ச்சல் சொல்லிக்கொடுத்தவர் வேட்டவலம் ரோட்டுப் பக்கம் இருந்த ஒரு பெரியவர். செஞ்சூட்டிலிருந்து எடுத்துச் சட்டென்று முக்குவதுதான் தோய்ச்சல். பட்டையை நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கொண்டுபோனதும் கையைப் பிடித்துக்கொண்டார். "இது லாரிப் பட்டைம்மா. முழுசா தண்ணியில விட்டா நரம்பு விழும். எண்ணெய்க்குக் கொண்டா." நரம்பு என்றால் மயிரிழை விரிசல். முக்கி எடுத்த எஃகு கண்ணாடிபோல நொறுங்கும் பதத்தில் இருக்கும். அதைத் தேய்த்து வெளுப்பாக்கி, மறுபடி மெல்லச் சூடு காட்டினால் நிறம் நடக்க ஆரம்பிக்கும். முதலில் வைக்கோல் மஞ்சள், சுமார் 220 டிகிரி. பிறகு பழுப்பு, கத்தரிப்பூ, 300-ஐ நெருங்கும்போது நீலம். கத்திக்கு மஞ்சளிலேயே நிறுத்தலாம், அடி வாங்குகிற கருவிக்கு நீலம் வரை விடலாம். மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவே சில விநாடிகள்தான். அவர் தெர்மாமீட்டர் எதுவும் வைத்திருந்ததில்லை. நான் ஒன்று வாங்கி வைத்து, அவர் சொன்ன நிறங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாகவே இருந்தது.

இந்த மண்ணுக்கு இரும்பு புதிதில்லை. ஊருக்கு வடமேற்கே கவுத்தி மலை, வேடியப்பன் மலையில் மேக்னடைட் தாது இருக்கிறது. அதை வெட்டி எடுக்கத் திட்டம் வந்தபோது சுற்றியுள்ள கிராமத்து மக்கள் எதிர்த்து நின்றது பலருக்கு நினைவிருக்கும். தெற்கே கள்ளக்குறிச்சிப் பக்கம் மேல்சிறுவளூரில், மண் மூசையில் எஃகு உருக்கிய பழைய இடத்தை ஆய்வாளர் சாரதா ஸ்ரீனிவாசன் 1990-களில் ஆராய்ந்து வெளிக்கொண்டு வந்தார். வெளிநாட்டார் 'வூட்ஸ்' என்று கொண்டாடிய எஃகு இந்த முறையில் செய்ததே. அதை 1819-ல் லண்டனில் பகுத்துப் பார்த்து எழுதியவர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்துக்காகவே நாம் அறிந்த அந்த ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். நம்மூர்க் கொல்லர் உருக்கியதைக் கொல்லர் மகன் அங்கே உடைத்துப் பார்த்திருக்கிறார்! 1830-ல் பரங்கிப்பேட்டையில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்கிற ஆங்கிலேயர், சேலத்துத் தாதுவைக் கொண்டுவந்து பெரிய உலை போட்டார். மரக்கரியில் எரித்த உலை. கரிக்கு மரம் கிடைக்காததும் அது நொடித்ததற்கு ஒரு காரணம். மேல்சிறுவளூர் மூசை உள்ளங்கை அளவுச் சமாசாரம். ஹீத்தின் உலையோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு சின்னது என்று அடிக்கடி நினைப்பேன்.

என் சொந்த உலையும் சின்னதுதான். லாரியின் பழைய பிரேக் டிரம் ஒன்று, அடியில் இரண்டு அங்குலக் குழாய், அந்தக் குழாய்க்குக் காற்றடிக்கக் கையால் சுற்றுகிற பழைய பிளோயர். பிரேக் டிரம் பீடு. அதற்குக் குழாயை வெல்டிங் வைத்தால் ஒட்டு விரிசல் விடும். அதனால் டிரம்மில் ஏற்கெனவே இருக்கிற வீல் போல்ட் துளைகளையே பயன்படுத்தி பிளாஞ்சை முடுக்கிவிட்டேன். பீடை ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மெல்லச் சூடேற்றி, பித்தளையிலோ நிக்கல் ராடிலோ ஒட்டி, ஒட்டியதும் சாம்பலில் புதைத்து மறுநாள் வரை ஆறவிட வேண்டும். உலையைத் தாங்குகிற கால்கள் ஒரு கவலைச் சாலின் வளையத்திலிருந்து வந்தவை. மாடு கட்டி நீர் இறைத்த அந்தச் சால்களை இப்போது வயதானவர்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். முழுதாக இருந்த ஒரு சாலை மட்டும் நான் வெட்டவில்லை. ரிவிட் அடித்த அழகு அப்படி. அது கொட்டகை வாசலில் மழைத் தண்ணீர் பிடிக்கிறது.

நட்டு, போல்ட், செயினை ஒட்டி மயில், குதிரை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்க நன்றாகவே இருக்கும். எனக்கு மனம் ஒப்புவதில்லை. சுற்றக்கூடிய பல்சக்கரத்தைச் சுற்ற முடியாமல் ஒட்டிவைத்து அதை மயிலின் கழுத்தாக்குவானேன்?

ஓடவைத்தவர்களைப் பார்க்க வேண்டுமானால் பெரம்பூருக்குப் போக வேண்டும். 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸில் கட்டப்பட்ட ஃபேரி குயீன் நீராவி இன்ஜினை 1996 வாக்கில் பெரம்பூர் லோகோ பணிமனையில்தான் சீர்செய்தார்கள். 1997-ல் அது டெல்லிக்கும் ஆல்வாருக்கும் இடையே பயணிகளோடு ஓடியது. அதே 1855-ஐச் சேர்ந்த இ.ஐ.ஆர். 21 இன்ஜினின் நிலை அதைவிட மோசம். நூறாண்டுக்கு மேல் காட்சிப் பொருளாக நின்று, பல உறுப்புகளை இழந்திருந்தது. காணாமல் போனவற்றைப் புதிதாகச் செய்து பொருத்தி 2010-ல் ஓடவிட்டார்கள். சென்னை எழும்பூருக்கும் கோடம்பாக்கத்துக்கும் இடையே அது புகைவிட்டுக்கொண்டு போனதைப் பலர் பார்த்திருப்பார்கள். பழையதில் எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்கிற கேள்வி நீராவி இன்ஜினுக்கும் என் வைஸுக்கும் ஒன்றே. முறிந்தால் உயிர் போகக்கூடிய உறுப்பு மாற்ற வேண்டியது. கைபட்டுத் தேய்ந்தது அப்படியே இருக்க வேண்டியது. நம் மலை உச்சிக்கு, 2,668 அடிக்கு, கார்த்திகை தீபத்துக்கு ஏறுகிற செப்புக் கொப்பரையையும் வருஷா வருஷம் புதிதாகச் செய்வதில்லை. சீர்செய்து, வண்ணம் பூசி, அதே கொப்பரையைத்தான் தோளில் சுமந்து ஏற்றுகிறார்கள்.

தொடாமல் விட வேண்டியவையும் உண்டு. மூடிய எண்ணெய் டிரம், கேஸ் சிலிண்டர் இரண்டையும் காலியாகத் தெரிந்தாலும் வெட்டக் கூடாது. உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். ஜி.ஐ. குழாயை அப்படியே சூடேற்றினால் துத்தநாகப் புகை கிளம்பி, இரவில் குளிர்க்காய்ச்சல்போல உடம்பை உலுக்கும். மீட்டர் கேஜ் பாதையை எடுத்துவிட்டு அகலப் பாதை போட்ட ஊர் இது என்பதால் தண்டவாளத் துண்டு கேட்டு என்னிடமே சிலர் வந்திருக்கிறார்கள். பட்டறைக்கல்லுக்கு அதைப்போல வராதுதான். ஆனால் ரயில்வே சொத்தைக் கணக்கில்லாமல் வைத்திருப்பது 1966-ம் வருஷச் சட்டப்படி குற்றம். ஏலச் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். நிலத்தில் கிடைத்த சிலை, பழைய உற்சவர், இவற்றைப் புளி போட்டு விளக்குவதும் வேண்டாம், வாங்குவதும் வேண்டாம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட உலோகச் சிலைகள் 1972-ம் வருஷத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும்.

இன்னொன்று, வேதியியல் ஆசிரியை என்பதால் என்னை உலுக்கியது. 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் கோபால்ட்-60 கதிர்வீச்சுக்கு ஆளாகி ஒருவர் இறந்தார், பலர் பாதிக்கப்பட்டார்கள். அது டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் பல வருஷம் சும்மா கிடந்து, பழைய சாமானாக ஏலம் போன ஒரு கருவிக்குள் இருந்தது. அளவுக்கு மீறிக் கனக்கிற, ஈயம் போர்த்திய, எதற்கென்று தெரியாத உருளை எதையும் பிரிக்காதீர்கள். மூன்று இதழ் விசிறிக் குறி இருந்தால் நகர்ந்து நின்று போலீசுக்குச் சொல்லுங்கள்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் இன்ஜினுக்கோ வைஸுக்கோ போக வேண்டியதில்லை. பரணில் அரிவாள்மனை இருக்கும். எவர்சில்வர் கத்தி வந்த பிறகு பாட்டியோடு மேலே போனது. பலகையைக் கழற்றி, இரும்பை மட்டும் சோடாத் தண்ணீரில் போடுங்கள். எடுத்துக் கழுவிக் காயவைத்து, உப்புத்தாளால் பக்கவாட்டை லேசாகத் தேய்த்தால், விளிம்போரம் ஒரு கோடு தெரிகிறதா பாருங்கள். நல்ல கொல்லர் அடித்ததாக இருந்தால் பச்சை இரும்புக்கு நடுவே எஃகை வைத்துப் பற்றவைத்திருப்பார். விளிம்பு மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். தீட்டும்போது சாணைச் சக்கரம் வேண்டாம், சூடேறித் தோய்ச்சல் போய்விடும். ஈரக் கல்லில் கையால் தீட்டுங்கள். காய் நறுக்குவது என்பதால் கடுக்காய்ப் பூச்சும் லின்சீடும் இதற்குக் கூடாது. தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் போதும்.

எங்கள் தெருவில் இப்போது இது ஒரு வேலையாகிவிட்டது. போன வாரம் எதிர் வீட்டுப் பெண் ஓர் அரிவாள்மனையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். "அத்தை, இது எங்க மாமியாரோடது. பளபளன்னு ஆக்கிக் குடுங்க." தேங்காய்த் துருவுகிற முனையில் பற்கள் மழுங்கியிருந்தன, தண்டில் உள்ளூர் ஆசாரி குத்திய ஒரு புள்ளிக்கோலம் இருந்தது. பற்களை முக்கோண அரத்தால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். கோலத்துக்கு மேல் கை வைக்கவில்லை. "பளபளன்னு இல்லையே அத்தை?" என்றாள். உள்ளே கூட்டிப்போய் ஒரு மூடித் தேங்காயைக் கையில் கொடுத்து உட்கார வைத்தேன்.